நீருள் உறையும் ஊர்கள்
(ஆங்கில நாட்டு ஏரிகளும் நீர்த்தேக்கங்களும்)

நம் கல்லூரியிற் பயின்று இன்று இங்கிலாந்தில் வாழும் அன்பர் ஒருவர், சென்ற ஆண்டு விடுமுறையிற் குடும்பத்தோடு அந்நாட்டின் வடமேற்கிலுள்ள ஏரி நாட்டிற்குச் சென்றிருந்தார். ஆங்கு எடுத்த நிழற்படம் ஒன்றை எனக்கு அனுப்பினார். இரு மருங்கும் மலை. இடையே நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பு. கரையில் அவர்தம் மக்கள் இருவர். படத்தின் பின்புறத்தில், “மனிதன் கைபடாத இயற்கையழகு” என்று எழுதி, இடத்தின் பெயரையும் குறித்திருந்தார். அது ஹோஸ்வாட்டர்.

படம் அழகியதே. ஆயின் அக்குறிப்புப் பிழையானது. அந்நீர் இன்றைய உயரத்தில் நிற்பது மனிதன் கட்டிய அணையால். அதன் அடியில் ஓர் ஊர் கிடக்கின்றது. அன்பருக்கு எழுதிய மறுமொழியைச் சற்று விரித்து, ஆங்கு வாழும் ஏனைய பழைய மாணவர்க்கும் இங்குப் பயில்வார்க்கும் பயன்படுமாறு ஈண்டுத் தருகின்றேன்.

முதலிற் சொல்லாராய்ச்சி சிறிது செய்வோம். தமிழில் நீர்நிலைகளுக்குக் குளம், ஏரி, வாவி, பொய்கை, கேணி, மடு எனப் பல பெயர்கள் உள்ளமை மாணவர் அறிவர். ஏரி நாட்டு மக்களும் அவ்வாறே பல பெயர் வழங்குகின்றனர். ‘மியர்’ என்பதும் ‘வாட்டர்’ என்பதும் பெரிய நீர்நிலைகளைக் குறிப்பன. மலைமேல் உள்ள சிறு சுனை ‘ராண்’ எனப்படும். ஆங்கிலத்தில் ஏரிக்குப் பொதுப்பெயராகிய ‘லேக்’ என்னுஞ் சொல்லைத் தன் பெயரிற் கொண்டது அங்கு ஒன்றேயாம். அது பாசென்துவெயிற் ஏரி. ஏரி நாட்டிற் பெயரளவில் ஏரி ஒன்றுதான் என்று அந்நாட்டார் வேடிக்கையாகக் கூறுவர்.

இனி அந்நீர்நிலைகள் தோன்றிய வரலாற்றை நோக்குவோம். பனியூழிக் காலத்திற் பெரும் பனிக்கட்டியாறுகள் அம்மலைகளினின்றும் நாற்றிசையும் மெல்ல நகர்ந்து, பள்ளத்தாக்குகளை ஆழக் குடைந்தன. ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி உருகியபோது, குடைந்த பள்ளங்களில் நீர் தேங்கிற்று. இதனாலேயே அங்குள்ள ஏரிகள் பெரும்பாலும் ஒடுங்கி நீண்டிருக்கின்றன. வின்டமியர் பத்தரை மைல் நீளமுடையது. இங்கிலாந்தின் இயற்கையேரிகளுள் மிகப் பெரியது அதுவே. வொஸ்ற்வாட்டர் 258 அடி ஆழமுடையது. ஆழத்தால் முதலிடம் பெறுவது. 1770இற் பிறந்த கவிஞர் வேட்ஸ்வேத், கிராஸ்மியர் ஏரிக்கு அண்மையிற் பல்லாண்டு வாழ்ந்தவர். இந்நாட்டைக் காண வருவோர்க்கு வழிகாட்டி நூல் ஒன்றும் எழுதினார். நடுவிலிருந்து பிரிந்து செல்லும் இப்பள்ளத்தாக்குகளை அவர் அந்நூலிற் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு ஒப்பிட்டார்.

அழகைத் தேடிக் கவிஞர் சென்ற அதே மலைகளுக்கு, நீரைத் தேடி நகரத்தாரும் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பருத்தி ஆலைகளாற் பெருகிய நகர் மான்செஸ்ரர். வேலை தேடி வந்த மக்கள் நெருங்கிய தெருக்களில் வாழ்ந்தனர். தூய்மையற்ற நீர் வாந்திபேதி முதலிய நோய்களைப் பரப்பிற்று. நகராட்சியார் அண்மையிலிருந்த லோங்டென்டேல் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டியும் நீர் போதவில்லை. ஏரி நாடோ இங்கிலாந்தில் மழை மிகப் பொழியும் பகுதி. கடும்பாறை மீது வீழ்ந்து ஓடும் அம்மழைநீர் மென்மையும் தெளிவும் உடையது. ஆகவே நகராட்சியார் தேர்ல்மியர் என்னும் ஏரியைத் தேர்ந்தனர்.

இதனை எதிர்த்து 1877இல் தேர்ல்மியர் பாதுகாப்புச் சங்கம் எழுந்தது. அறிஞர் ரஸ்கினும் கண்டித்தார். எனினும் 1879இற் பாராளுமன்றம் நகராட்சிக்கு அதிகாரம் வழங்கிற்று. அணை கட்டப்பட்டு ஏரியின் மட்டம் ஏறத்தாழ 50 அடி உயர்ந்தது. கரையிலிருந்த வித்பேண், ஆம்போத் என்னும் சிற்றூர்களின் பெரும்பகுதி மறைந்தது. 1894ஆம் ஆண்டு நீர் மான்செஸ்ரரை அடைந்தது. 96 மைல் நீளமான அக்கால்வாயில் நீரிறைக்கும் பொறி ஒன்றேனும் இல்லை. மலையைத் துளைத்தும் பள்ளத்தைக் குழாய்களாற் கடந்தும், நிலத்தின் சரிவொன்றையே துணையாகக் கொண்டு நீர் செல்கின்றது. இத்திறமை வியக்கத்தக்கது. எதிர்த்தோர் அன்று தோற்றனராயினும் அவர் முயற்சி வீண்போகவில்லை. அழகிய இடங்களை மக்கள் பொருட்டுக் காக்கும் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் 1895இல் தோன்றிற்று. அதனை நிறுவிய மூவருள் ஒருவரான ஒக்டேவியா ஹில் அம்மையார் தேர்ல்மியர் எதிர்ப்பிலும் பங்கு கொண்டவர்.

மான்செஸ்ரரின் தாகம் அத்துடன் தணியவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஹோஸ்வாட்டர் ஏரியும் அந்நகர்க்கு உரியதாயிற்று. 1929இல் அணைவேலை தொடங்கிற்று. ஏரியின் தலைப்பில் மார்டேல் என்னும் சிற்றூர் இருந்தது. பண்ணை வீடுகள், ஒரு விடுதி, சிறியதொரு தேவாலயம் என்பனவே அவ்வூரின் செல்வம். தேவாலயத்தில் இறுதி வழிபாடு 1935 ஆகஸ்ட் மாதம் நடைபெற்றது. அதன் இடுகாட்டிலிருந்த 97 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டு, ஷாப் என்னும் ஊரில் மீள அடக்கம் செய்யப்பட்டன. பின்னர் வீடுகள் இடிக்கப்பட்டன. நீர் முன்னிருந்த மட்டத்திற்கு மேல் 95 அடி உயர்ந்தது. அன்பரின் மக்கள் நின்ற கரை அந்நீரின் கரையே. 1984, 1995 போன்ற வறட்சி ஆண்டுகளில் நீர் வற்ற, ஊரின் மதில்களும் சிறு பாலமும் வெளித்தோன்றின. அவற்றைக் காணப் பெருந்திரளானோர் கூடினர்.

டார்பிசயரிலுள்ள டேர்வென்ற் பள்ளத்தாக்கின் கதையும் இத்தகையதே. அங்கு ஹௌடன், டேர்வென்ற் என்னும் இரு கல்லணைகள் 1912இலும் 1916இலும் நிறைவெய்தின. மூன்றாவதான லேடிபவர் நீர்த்தேக்கத்தை 1945இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் திறந்துவைத்தார். அதற்காக டேர்வென்ற், அஷொப்டன் என்னும் இரண்டு ஊர்கள் நீருக்கு இடங்கொடுத்தன. டேர்வென்ற் தேவாலயத்தின் கோபுரத்தை மட்டும் நினைவாக விட்டுவைத்தனர். சிலகாலம் நீரின்மேல் தனித்து நின்ற அக்கோபுரமும், ஆபத்தானது எனக் கருதப்பட்டு 1947இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பழைய கற்பாலம் ஒன்றைக் கல் கல்லாகப் பிரித்து, பள்ளத்தாக்கின் மேற்புறத்தில் மீண்டும் கட்டினர். இன்றும் வழிப்போக்கர் அதன்மேல் நடக்கின்றனர்.

பிற்காலத்தார் சற்று இரக்கங் காட்டினர் எனலாம். 1970களில் றட்லண்ட் நீர்த்தேக்கம் அமைந்தபோது நோர்மன்டன் தேவாலயம் மூழ்குவதாயிருந்தது. மக்கள் வேண்டியதன்பேரில் அதன் கீழ்ப்பகுதியைக் கல்லிட்டு நிரப்பிச் சுற்றிலும் கரையமைத்துக் காத்தனர். இன்று அது நீரின்மேல் நிற்பது போலத் தோன்றுகின்றது.

இவற்றைக் கற்றபின், அணை கட்டியோர் கொடியவர் என்று முடிவுசெய்தல் கூடாது. நகரத்துக் குழந்தை தூயநீர் பருகுதல் வேண்டும். அதனை மறுப்பார் யார்? ஆனால் அந்நீருக்கு விலை கொடுத்தோர், அதனைப் பருகியோர் அல்லர். மார்டேலில் வாழ்ந்தோர் வீட்டையும் மூதாதையர் கல்லறையையும் விட்டகன்றனர். பயன் அடைந்தோர் பல மைல்களுக்கு அப்பால் இருந்தனர். பலர் நன்மைக்காகச் சிலர் இழத்தல் சில வேளை தவிர்க்க முடியாததாகலாம். இழந்தவரை மறத்தல் தவிர்க்கக் கூடியதே.

இது நம் நாட்டிற்கும் புதிதன்று. பிரித்தானிய அரசின் பொருளுதவியாற் கட்டப்பெற்று 1985இற் திறக்கப்பட்ட விக்ரோறியா அணையின் நீருள் பழைய தெல்தெனிய நகர் ஆழ்ந்தது. அவ்வணையின் மின்னொளியிற் படிப்போரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

ஆதலால், ஆங்கில நாட்டு நீர்நிலைகளைக் காணச் செல்லும் அன்பர்களுக்குச் சில சொல்வேன். முதலில் அணை உண்டோ என்று பாருங்கள். உண்டாயின் பழைய நிலப்படத்தைத் தேடி, நீர் நிற்குமிடத்தில் முன் என்ன இருந்தது என அறியுங்கள். அருகிலுள்ள ஊரின் இடுகாட்டிற்கும் சென்று வாருங்கள். மூழ்கிய ஊரின் பெயர் ஆங்குக் கல்லில் இருக்கக்கூடும். பெரும்பாலான நீர்த்தேக்கங்களில் நீந்துதல் தடுக்கப்பட்டுள்ளது. கோடையிலும் அந்நீர் உடலை விறைக்கச் செய்யும் குளிருடையது. வறட்சிக் காலத்தில் வெளித்தோன்றும் சேற்றில் இறங்குதலும் ஆபத்தானது. பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பர் என் கடிதத்தைக் கண்டு மீண்டும் எழுதினார். இவ்வாண்டும் அங்குச் செல்லப் போவதாகவும், முதலில் ஷாப் இடுகாட்டிற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பின்னரே ஹோஸ்வாட்டர் கரைக்குப் போவதாகவும் தெரிவித்தார். ஆசிரியன் ஒருவனுக்கு இதனினும் வேறு மகிழ்ச்சி வேண்டுவதில்லை.