வளர வளரப் பிரிக்கும் பாவாடை

காதுகுத்துக்கோ இரண்டாவது பிறந்தநாளுக்கோ பெண் குழந்தைக்கு உடை கொடுப்பவர்கள் பெரும்பாலும் பட்டுப் பாவாடைதான் எடுக்கிறார்கள். நாலு விசேஷம் வருவதற்குள் அது கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். நாமே தைத்துக் கொடுப்பதென்றால் நூல் துணியில் பாடி வைத்து, டக் பிடித்த பாவாடையைத்தான் சொல்வேன். இடுப்பில் நாடா இறுக்காது, நழுவாது. ஒவ்வொரு டக்காகப் பிரித்தால் இரண்டு வருடம் தாராளமாக உடுத்தலாம்.

இங்கே தரும் கணக்கு மார்பு 21 அங்குலம், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 18 அங்குலம் உள்ள குழந்தைக்கு. அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அம்மாவிடம் இப்போது சரியாக இருக்கும் கவுன் ஒன்றை வாங்கி அளந்துகொள்ளுங்கள்.

துணிக்குச் சின்னாளபட்டி சுங்குடி மாதிரி மெல்லிசான, இருபக்கமும் கரை உள்ள சேலை நல்லது. கண்டாங்கி அழகுதான், ஆனால் கொசுவம் வைத்தால் சின்னக் குழந்தைக்குக் கனக்கும். துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்திரியைத் தொடுங்கள். சுருங்குவது தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடட்டும். ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஒட்டாமல் போகும்வரை அலச வேண்டும். பாவாடை நுனி எப்படியும் குழந்தையின் வாய்க்குப் போகும்.

சேலையின் நீளவாக்கில் 70 அங்குலம், கரையிலிருந்து மேலே 23 அங்குலம் வெட்டுங்கள். உடுத்தும் நீளம் 18, டக்குக்கு 4, மேல் தையலுக்கு 1. கரையே அடியில் வருவதால் கீழே மடித்து அடிக்க வேண்டாம்.

முதலில் இரண்டு ஓரங்களையும் சேர்த்து மூட்டுங்கள், மேலே 3 அங்குலம் திறந்திருக்கட்டும். டக் பிடிப்பது அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் டக்கின் முனைகள் மூட்டுத் தையலுக்குள் மாட்டிக்கொண்டு, பின்னால் பிரிக்கும்போது மூட்டையும் சேர்த்துப் பிரிக்க வேண்டியிருக்கும். கரை முடியும் இடத்திலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு 2 அங்குலம் மேலே இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மடித்துத் தைத்தால் ஓர் அங்குல மடிப்பு கிடைக்கும். அதைக் கீழ்நோக்கிப் படியவைத்து இஸ்திரி போடுங்கள். மேல் கோட்டிலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டு இரண்டாவது டக்கையும் இப்படியே பிடியுங்கள். மெஷினில் இருப்பதிலேயே பெரிய தையலாக வையுங்கள். பொடித் தையலைப் பிரித்தால் துணியில் ஓட்டை தெரியும்.

கொசுவத்துக்கு மேல் விளிம்பில் 3 அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு மூன்றையும் ஓர் அங்குலமாக மடியுங்கள். மூட்டுக்குப் போக மீதி 69 அங்குலம் 23 ஆகிவிடும். பாடியின் சுற்றளவும் அதுதான்: மார்பு 21, தளர்வுக்கு 2.

பாடிக்கு வெள்ளை மல் துணி, இரட்டையாக. நாலில் ஒரு பங்கு 5¾, தையலுக்கு அரை, ஆக 6¼ அங்குல அகலம். கழுத்தும் கைவளைவும் அந்தக் கவுனைப் பார்த்தே வரையலாம். பின்பக்கம் முழுதும் திறப்பு என்பதால் இரண்டு துண்டு. நடுவில் ஆளுக்கு அரை அங்குலம் கூடுதலாக விடுங்கள். ஹூக் முதுகில் குத்தும், பட்டன் பிய்ந்தால் வாய்க்குப் போகும். மூன்று இடத்தில் துணி நாடாவே போதும், பிள்ளை சதைபோட்டால் தளர்த்தியும் கட்டலாம். கழுத்தருகே வரும் நாடா மட்டும் 6 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். கொசுவத்தின் மேல் விளிம்பைப் பாடியின் இரண்டு துணிகளுக்கும் நடுவில் நுழைத்துத் தையுங்கள். பிசிறு உள்ளே மறைந்து வயிற்றில் உறுத்தாது.

சேலை அகலம் 46 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் மறுபக்கக் கரையோடு இன்னொரு பாவாடைக்கும் துணி இருக்கும். பரிசுப் பொட்டலத்தில் அதே நிற நூல் கொஞ்சம் சுற்றி வையுங்கள். முதலில் மேல் டக்கைப் பிரிக்க வேண்டும், கரையை ஒட்டியதை அடுத்த வருடம் பிரிக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.