419-ம் 420-ம்



"அவன் சரியான ஃபோர் ட்வென்டி" என்று நம்ம ஊர்ல திட்டுவாங்க. ஏமாற்றுக்காரன் என்று அர்த்தம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கு உரிய பிரிவு 420 என்பதால் வந்த பெயர் அது. (2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இதில் மோசடிக்கு 318-வது பிரிவு. ஆனா யாரும் யாரையும் "த்ரீ எய்ட்டீன்" என்று திட்டி இதுவரை கேட்டதில்லை!) நைஜீரியா நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் பொய் சொல்லிப் பொருள் பறிப்பதற்கு 419-வது பிரிவு. அதனால் ஒரு வகை மின்னஞ்சல் மோசடிக்கே உலகம் முழுக்க "419" என்று பெயர் விழுந்துவிட்டது. அனுப்புகிறவர்கள் எல்லோரும் அந்த நாட்டுக்காரர்கள் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கடிதம் இப்படி இருக்கும்: பெரிய அதிகாரி ஒருவர் இறந்துவிட்டார், அவர் மனைவி எழுதுகிறேன். வங்கியில் 2 கோடி டாலர் முடங்கிக் கிடக்கிறது. அதை எடுக்க உங்கள் கணக்கு வேண்டும். உங்களுக்கு 30 சதவீதம். யாரிடமும் சொல்லாதீர்கள். நம்பிப் பதில் போட்டால் பணம் வராது, செலவுதான் வரும். வக்கீல் ஃபீஸ், வரி, முத்திரைக் கட்டணம், அப்புறம் அந்த அதிகாரிக்கு லஞ்சம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். "இவ்வளவு கொடுத்தாச்சே, இப்ப விட்டா இதுவும் போயிடுமே" என்று கொடுத்தவர் மேலும் கொடுப்பார். மோசடியின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கு.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த வித்தை இல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே "ஸ்பெயின் சிறையில் ஒரு பணக்காரர் அடைபட்டிருக்கிறார், விடுவிக்கப் பணம் அனுப்புங்கள், சொத்தில் பங்கு தருவார்" என்று தபாலில் கடிதம் வந்துகொண்டிருந்தது. அதற்கு "ஸ்பானியக் கைதி" என்று பெயர். தபால்தலை மாறி மின்னஞ்சல் ஆனது, அவ்வளவுதான்.

படிக்காதவங்கதான் ஏமாறுவாங்க என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரேசில் நாட்டில் பாங்கோ நோரோயெஸ்தே என்று ஒரு வங்கி. அதன் உயர் அதிகாரி ஒருவரிடம் இம்மானுவேல் நுவூதே என்பவர், தான் நைஜீரியாவின் மத்திய வங்கி கவர்னர் என்று சொல்லிக்கொண்டார். அபுஜா நகரில் புது விமான நிலையம் கட்டப்போகிறோம், முதலீடு செய்தால் 1 கோடி டாலர் கமிஷன் என்றார். 1995-லிருந்து 1998 வரை வங்கியிலிருந்து போன தொகை 24 கோடி டாலருக்கும் மேலே. விமான நிலையமே கிடையாது! நுவூதேவுக்கு 2005-ல் தண்டனை கிடைத்தது. ஏமாந்தவர் பணத்தை எண்ணுவதையே வேலையாகக் கொண்டவர் என்பதைக் கவனியுங்க.

சரி, அந்த மின்னஞ்சல்கள் ஏன் அவ்வளவு அசட்டுத்தனமா, எழுத்துப்பிழையோட இருக்கு? கொஞ்சம் நல்லா எழுதக் கூடாதா? மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த கார்மாக் ஹெர்லி 2012-ல் இதற்கு அருமையான விளக்கம் சொன்னார். பத்து லட்சம் பேருக்கு அனுப்ப மோசடிக்காரனுக்குச் செலவே இல்லை. ஆனால் பதில் போடும் ஒவ்வொருவரிடமும் வாரக்கணக்கில் பேச வேண்டும். பாதியில் சந்தேகப்பட்டு ஓடிவிடுகிறவரால் அவனுக்கு நஷ்டம். அதனால் சந்தேகப்படுகிறவர்களை முதலிலேயே கழித்துவிடுகிறது அந்த அசட்டுக் கடிதம். நாம் படித்துச் சிரிக்கிறோமே, அது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். அரிசி புடைக்கும்போது உமி பறக்கிற மாதிரி நம்மைப் பறக்கவிட்டு, மிஞ்சுகிறவரைப் பிடிக்கிறான்.

ஆனால் "பிழை இருந்தா போலி" என்ற பழைய சோதனையை இப்ப நம்ப முடியாது. செயற்கை நுண்ணறிவு பிழையில்லாமல், நல்ல தமிழிலேயே எழுதிக் கொடுத்துவிடும். எனவே நடையைப் பார்க்காமல் விலாசத்தைப் பார்க்கணும்.

அனுப்பியவர் பெயர் என்று மேலே தெரிகிறதே, அது தபால் உறையில் "அனுப்புநர்" பகுதி மாதிரி. யார் வேண்டுமானாலும் "மாவட்ட ஆட்சியர்" என்று எழுதிப் பெட்டியில் போடலாம். இணைய முகவரியையும் கடைசியிலிருந்து படிக்கணும். "மதுரை ரோடு" என்று எழுதியிருந்தாலும் கடைசி வரியில் திண்டுக்கல் என்று இருந்தால் கடிதம் திண்டுக்கல்லுக்குத்தானே போகும்? அதே கணக்கு. ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்க. அதற்கு அடுத்த சாய்கோடு வரை உள்ள பகுதியின் கடைசி வார்த்தைகள்தான் உண்மையான ஊர். "டாட் கவ் டாட் இன்" என்று முடிந்தால் அரசு. வங்கிகளை "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாறும்படி ரிசர்வ் வங்கி 2025-ல் உத்தரவிட்டது. நடுவில் என்ன பெயர் வந்தாலும் மயங்க வேண்டாம்.

நம்ம வீட்டு போனுக்கு வருவது வேறு ரகம். "உங்க பையனுக்கு உதவித்தொகை வந்திருக்கு, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார்கள். யூபிஐ-யில் பணம் நம் கணக்குக்கு வருவதற்குப் பின் நம்பரே தேவையில்லை. அதைக் கேட்டாலே பணம் போகப் போகிறது என்று பொருள். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோவில் காக்கிச் சட்டை போட்டு மிரட்டுவதும் பொய்தான். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. பிளஸ் டூ அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் தனியா ஒன்று: "உன் வங்கிக் கணக்கை ஒரு மாசம் கொடு, கமிஷன் தரேன்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீங்க. திருட்டுப் பணம் அதன் வழியாப் போகும். போலீஸ் முதலில் வருவது கணக்கு வைத்திருப்பவர் வீட்டுக்குத்தான்.

பணம் போய்விட்டால் திட்டு விழுமே என்று மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யணும். நாடு முழுக்க ஒரே எண். திருடன் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் வங்கி அதை நிறுத்தி வைக்க முடியும். சீக்கிரம் சொன்னால்தான் வாய்ப்பு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் குறித்து வையுங்க. வந்த மெசேஜை அழிக்காதீங்க.

இனி ஒரு புதிர். இவற்றில் அரசின் முகவரி எது?

1. ஸ்காலர்ஷிப்ஸ் டாட் கவ் டாட் இன் டாட் பரிசு டாட் காம்
2. ஸ்காலர்ஷிப்ஸ் டாட் கவ் டாட் இன்
3. ஸ்காலர்ஷிப்ஸ்-கவ் டாட் இன் (நடுவில் சின்னக் கோடு, கவனம்!)

விடையையும் காரணத்தையும் ஒரு சீட்டில் எழுதி, பெயர், வகுப்போடு நூலக மேசைப் பெட்டியில் போடுங்க.