பிள்ளைகளோடு நாவல் படிக்க உட்காரும் இளையவர்களுக்கு

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கத்து நூலகங்களிலும் பள்ளிகளிலும் வாசிப்பு வட்டம் தொடங்கப்போகும் தம்பி தங்கைகளே, ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லும் நாவலைக் கொடுத்தால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். கோபப்படுவார்கள், சண்டை போடுவார்கள். அதற்குத் தயாராகப் போங்கள்.

1. இரா. நடராசனின் ‘ஆயிஷா’வில் தொடங்குங்கள். சின்னப் புத்தகம், ஒரே அமர்வில் வாய்விட்டுப் படித்து முடித்துவிடலாம். எழுதியவரே பள்ளி ஆசிரியர். ஓர் அறிவியல் ஆசிரியை தன் நூலுக்கு எழுதும் முன்னுரையாகக் கதை போகிறது. கேள்வி கேட்கிறாள் என்பதற்காகவே அடிவாங்கும் மாணவி, அடி வலிக்காமல் இருக்க மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன் உடம்பில் தானே ஏற்றிப் பார்த்து இறந்துபோகிறாள். படித்து முடித்ததும் உடனே பேசத் தொடங்காதீர்கள். பிள்ளைகளே வாய் திறக்கட்டும். “இப்போ எங்க மிஸ் யாரு அடிக்கிறாங்க?” என்று ஒருத்தி சொல்வாள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, “உன்ன அடிக்கல, அவ்ளோதான்” என்பாள். அந்த இடத்தில் குறுக்கே விழுந்து சமாதானம் செய்து வைக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். சட்டம் இருந்தும் ஏன் இந்தக் கதை பழசாகவில்லை என்று அவர்களே பேசுவார்கள். நீங்கள் ஆசிரியராக இருந்தால் அந்தப் பேச்சு உங்களைச் சுடும். சுடட்டும்.

இந்தக் கதையோடு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. மருந்து விஷயத்தை மூடி மறைக்காதீர்கள். மயக்க மருந்து அளவு பிசகினால் மூச்சை நிறுத்திவிடும் என்று அறிவியல் ஆசிரியரை வைத்துத் தெளிவாகச் சொல்லவையுங்கள்.

2. “இந்தக் கதையின் மையக்கருத்து என்ன?” என்று கேட்டுவிட்டால் அன்றைய வட்டம் முடிந்தது. தேர்வுத்தாளில் எழுதும் பதில்தான் வரும். “எந்த இடத்துல உனக்கு எரிச்சல் வந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள்.

3. “மொக்கை சார்” என்று ஒரு பையன் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் தொடங்கி மொக்கையாயிற்று என்று கேளுங்கள். பக்கத்தைக் காட்டினானானால் அவன் படித்திருக்கிறான் என்று அர்த்தம். பாராட்டி நாலு வரி சொன்னவனைவிட அவனுக்கு அந்தப் புத்தகம் நன்றாகத் தெரிந்திருக்கக்கூடும்.

4. தேவநேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்ப் பிள்ளைகளோடு உட்காருகிறவர்கள் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ படியுங்கள். 1977இல் வந்த நாவல். தெற்கே மணப்பாட்டுக் கடற்கரை. வல்லக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் நடக்கும் பூசல் அதில் உண்டு. நம் கரையில் கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த கதையைத் தாத்தாவிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். காற்றும் வலையும் மீன் விலையும் உங்களைவிட அவர்களுக்குத் தெரியும். “எங்க ஊருல இப்படிச் சொல்ல மாட்டாங்க” என்று திருத்துவார்கள். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைத் திருத்தும் உரிமை தனக்கு உண்டென்று ஒரு பிள்ளை உணர்ந்த நாளிலிருந்து அது வாசகர்தான். கதைநாயகி பிலோமியின் காதலைப் பற்றிப் பேச்சு வந்தால் பெண்பிள்ளைகள் முதலில் தலையைக் குனிந்துகொள்வார்கள். வற்புறுத்தாதீர்கள். பையன்கள் இல்லாத நேரத்தில் அவர்களே எடுப்பார்கள். எடுத்தால் நிறுத்த மாட்டார்கள்.

5. பூமணியின் ‘வெக்கை’யை எடுத்தால் “அசுரன் பாத்துட்டோம்” என்பார்கள். நல்லதுதான். 1982இல் வந்த நாவலில் கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் கூடவே நாம் ஓடுகிறோம். அதை வைத்து 2019இல் வந்த ‘அசுரன்’ படத்தில் அப்பா நாயகனாகிவிட்டார். நாவலில் அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்திருக்கும்போது என்ன சமைத்தார்கள், என்ன தின்றார்கள் என்று தேடச் சொல்லுங்கள். தேடுகிறபோது அடிதடிக்கு அப்பால் அந்த அப்பனும் மகனும் தெரிய வருவார்கள். கொலையை நியாயப்படுத்துகிறதா இந்த நாவல் என்ற கேள்வியும் வரும். அதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. உங்களிடம் இருந்தாலும் முதலில் சொல்லிவிடாதீர்கள்.

6. இதுதான் எனக்கு மிகவும் முக்கியமானது. பக்கத்து உத்திரமேரூரில் ஆசிரியராகப் பணியாற்றியவர் பாமா. 1992இல் வெளிவந்த அவருடைய ‘கருக்கு’ தலித் வாழ்வைச் சொல்லும் தன்வரலாறு. அதை வாசிக்கும்போது வகுப்பே திரும்பி ஒரு பிள்ளையைப் பார்க்கும். அப்படிப் பார்க்க விடாதீர்கள். “உங்க வீட்டுல இப்படித்தானா?” என்று நீங்களும் கேட்காதீர்கள். நம் மாவட்டத்தில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்த இருளர் குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் சாட்சி சொல்ல வரவில்லை, கதை படிக்க வந்திருக்கிறார்கள். தன் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். மற்றவர்கள் மாதிரியே, எந்தப் பாத்திரம் பிடித்தது என்று கேளுங்கள், போதும்.

7. நூலகத்தில் ஒரே பிரதிதான் இருக்கும். முறைவைத்து வீட்டுக்குக் கொடுங்கள். கிழிந்தால் திட்டாதீர்கள்.

8. எல்லாரும் போன பிறகு ஒரு பிள்ளை பையை மெதுவாக அடுக்கிக்கொண்டு நிற்கும். நாவலைப் பற்றிக் கேட்பதுபோல் தொடங்கித் தன் வீட்டிலோ பள்ளியிலோ நடப்பதைச் சொல்லும். இடைமறிக்காமல் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 14417 பள்ளிக் கல்வித்துறையின் எண். இரண்டையும் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளை சொன்னதை அன்றைக்கே உரியவரிடம் கொண்டுசேருங்கள், அடுத்த வாரக் கூட்டம் வரை வைத்திருக்காதீர்கள்.