கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பதில்

அன்புள்ள மலர்விழிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வித்தாளை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். பிளஸ் ஒன் படிக்கும்போதே உளவியல் ஆய்வு செய்யக் கிளம்பிவிட்டாய் என்பதில் அத்தைக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். ‘செல்போன் படிப்பைக் கெடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறாயா?’ உன் வகுப்பில் யார் இதற்கு இல்லை என்பார்கள்? பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டாயே.

நான் படித்த காலத்தில் விடுதி மாணவிகளின் தூக்கத்தைப் பற்றி விசாரித்தேன். காது கேட்கும் தூரத்தில் வார்டன் நின்றிருந்தார். அத்தனை பேரும் பத்து மணிக்கே தூங்கிவிடுவதாகச் சொன்னார்கள். அந்தப் பதில்கள் எதற்குமே உதவவில்லை.

கேட்கும் சூழல் மட்டுமல்ல, ஒரே ஒரு வார்த்தைகூட என்ன செய்யும் என்று பார். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இது. அமெரிக்காவில் 45 மாணவர்களுக்குக் ஏழு கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வி ஒன்றுதான், வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு வேறு. நம் பேச்சில் சொன்னால், சிலரிடம் ‘கார்கள் தொட்டுக்கொண்டபோது’, சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’. முதல் சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றார்கள். இரண்டாவதைக் கேட்டவர்கள் 40 மைலுக்கும் மேல் என்றார்கள். பார்த்ததோ அதே படங்கள்!

அதோடு விடவில்லை. வேறு 150 பேருக்கு ஒரு விபத்தைக் காட்டி, ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ‘நொறுங்கிய’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘இடித்த’ என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர். வேகத்தைப் பற்றி எதுவுமே கேட்கப்படாத 50 பேரில் 6 பேர். அந்தக் கடைசி 50 பேர்தான் கட்டுப்பாட்டுக் குழு. அவர்கள் இல்லையென்றால் 16 என்பது அதிகமா குறைவா என்று எதை வைத்துச் சொல்வது?

உன் கேள்வியை ‘நேற்று செல்போனில் எத்தனை நிமிடம் இருந்தாய்?’ என்று மாற்று. அந்தக் கணக்கைப் போனே காட்டும். அப்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. போனில் அதிக நேரம் இருப்பவர்களுக்கு மதிப்பெண் குறைவு என்று தெரியவந்தால் அது ஒட்டுறவு மட்டுமே, காரணம் ஆகாது. பாடம் புரியாத பிள்ளை சலித்துப்போய் போனை எடுத்திருக்கலாம். தூக்கம் கெட்டதால் இரண்டுமே நடந்திருக்கலாம்.

காரணம் வேண்டுமானால் பரிசோதனைதான் வழி. 40 பேர் கிடைத்தால் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி இரண்டாகப் பிரி. 20 பேருக்குப் போன் மேசைமேல், மற்ற 20 பேருக்கு அடுத்த அறையில். அறை, நேரம், மனப்பாடம் செய்யவேண்டிய சொற்கள் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ‘உனக்கு எது பிடிக்கும்?’ என்று மட்டும் கேட்டுவிடாதே. படிப்பில் கருத்தான பிள்ளைகள் தாங்களாகவே போனைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அப்புறம் நீ அளப்பது போனையா, அந்தக் கருத்தையா?

தாள்களை எந்தக் குழு எது என்று தெரியாத தோழி திருத்தட்டும். நம் எதிர்பார்ப்பு நமக்கே தெரியாமல் வெளிப்பட்டுவிடும். நூறு வருஷத்துக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குப் போட்டது. ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தவறியது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் லேசாக அசையும். குதிரை அதைத்தான் கவனித்திருக்கிறது. கேள்வி கேட்டவர்கள் ஏமாற்றவில்லை மலர், மனதார நம்பினார்கள். உன் முகமும் அப்படிக் காட்டிக்கொடுக்கும்.

பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் வாங்கு. பேருக்குப் பதில் எண் போடு. வேண்டாமென்றால் பாதியிலேயே எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடு.

தொடங்குவதற்கு முன், என்ன முடிவு வந்தால் உன் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வாய் என்பதை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி டீச்சரிடம் கொடு. அதைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவோம்.

அன்புடன்,
அத்தை