சுற்றிப் பார்த்தால்தான் கதை

சீனாவின் ஜிங்தெசென் நகரம் 14ஆம் நூற்றாண்டிலிருந்து நீலவெண் பீங்கானுக்குப் பெயர்பெற்றது. சுடாத வெண்களிமண் ஜாடியில் கோபால்ட் நிறமியால் படம் தீட்டி, மேலே தெளிந்த மெருகு பூசி, ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். கருமையாகத் தீட்டிய கோடுகள் சூளையில் நீலமாகும்.

17ஆம் நூற்றாண்டு ஜாடிகள் பலவற்றில் மலை, ஆறு, பைன் மரங்களுக்கிடையே மனிதர்கள் தோன்றுகிறார்கள். அறிஞர் முன்னே நடக்க, சிறுவன் நரம்பிசைக் கருவியைச் சுமந்து வருவான். தீட்டாமல் விட்ட வெண்மையே மூடுபனி, அதுவே நீர். படம் ஜாடியைச் சுற்றி ஓடுவதால் ஒரே பக்கம் நின்று முழுவதையும் காண முடியாது.

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலும் அப்படித்தான். 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய இக்கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு சிற்பத் தொடராக உள்ளது. ஜாடியை நாம் திருப்புகிறோம். இங்கே நாமே சுற்றி நடக்கிறோம்.

முழு ஜாடி கிடைக்காவிட்டால்? இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் அகழாய்வில் கிடைத்தவை சீனப் பீங்கான் சில்லுகளே. ஒரு சில்லைக் கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில்தான் வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது.

செயல்பாடு: ஒரு கதையை நீண்ட தாளில் நீல மையால் வரையச் செய்து, குடத்தைச் சுற்றி ஒட்டுங்கள். நான்கு பக்கமும் நான்கு மாணவர்களை அமர்த்துங்கள். ஒவ்வொருவரும் ‘கண்டது’, ‘ஊகித்தது’ எனத் தனித்தனியே எழுதட்டும். நால்வரும் வாசித்து முடித்த பிறகே குடத்தைத் திருப்புங்கள். ஊகத்தைக் கண்டதாக எழுதிய வரிகளை மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்துவார்கள்.