படித்த ஆங்கிலம் பேச்சில் வர



நமது டிரஸ்டின் கல்வி உதவி பெற்றுப் பட்டம் முடித்த பிள்ளைகளில் சிலர் நேர்முகத் தேர்வில் வாய்ப்பை இழந்து திரும்புகிறார்கள். பாடம் தெரியாமல் அல்ல. கேட்ட கேள்வி புரிகிறது, பதிலும் தெரிகிறது, ஆங்கிலத்தில் சொல்லத்தான் வரவில்லை. செய்தித்தாள் வாசிக்கவும் விண்ணப்பம் எழுதவும் தெரிந்த இவர்கள் மறுபடியும் ஓர் இலக்கணப் புத்தகம் வாங்குவதால் பெரிய பயன் இல்லை. இனிப் பழக்க வேண்டியவை காதும் நாக்கும்தான்.

தடை எங்கே இருக்கிறது?

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வினை வந்துவிட வேண்டும். முழு வாக்கியத்தையும் மனதுக்குள் தமிழில் கட்டிவிட்டுத் திருப்பிப் போட முயல்வதால்தான் திணறுகிறோம். 'நேற்று கல்லூரியில் சான்றிதழ் வாங்கினேன்' என்று சொல்ல, யார், என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்: 'ஐ காட் மை சர்டிஃபிகேட்'. எங்கே, எப்போது என்பதைப் பிறகு சேர்க்கலாம்: 'ஃப்ரம் த காலேஜ் யெஸ்டர்டே'.

தினமும் அரை மணி நேரம் செய்ய நான்கு பயிற்சிகள்:

1. கூடவே சொல்லுதல்: மக்தபில் உஸ்தாத் ஓத, கேட்டு, திரும்ப ஓதித்தானே பழகினோம். ஆங்கிலத்துக்கும் அதே வழி. பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி ஆறு நிமிடம்தான், எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கும். முதலில் கேளுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். அதன்பின் ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து, பேசுபவரோடு சேர்ந்து உரக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு புதிய நிகழ்ச்சி வேண்டாம், ஒன்றையே ஒரு வாரம் பழகுங்கள்.

2. ஒலித் திருத்தம்: 'புக்கு', 'பஸ்ஸு' என்று சொல்லின் முடிவில் நாம் சேர்க்கும் உகரத்தை விடுங்கள். அரபியில் 'ஃபா'வைத் திருத்தமாக ஓதும் பிள்ளையே ஆங்கிலத்தில் ஃபேனை 'பேன்' என்கிறது. தெரிந்த ஒலியை இங்கும் பயன்படுத்தினால் போதும். அழுத்தமும் முக்கியம். 'ஹோட்டல்' என்று முதல் அசையை அழுத்துகிறோம், ஆங்கிலத்தில் 'டெல்' என்ற இரண்டாம் அசையில்தான் அழுத்தம். 'டெவலப்' என்பதில் 'வெ' மீது அழுத்தம். அகராதியில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் சிறு கோடு இருக்கும், அதைப் பார்த்துப் பழகுங்கள்.

3. நான்கு, மூன்று, இரண்டு: நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் தம் நூல்களில் விளக்கும் பயிற்சி இது. தெரிந்த ஒரு விஷயத்தை, உதாரணமாக உங்கள் ஊரைப் பற்றி, நான்கு நிமிடம் பேசுங்கள். அதையே வேறொருவரிடம் மூன்று நிமிடத்திலும், மற்றொருவரிடம் இரண்டு நிமிடத்திலும் சொல்லுங்கள். திரும்பச் சொல்லச் சொல்ல, வார்த்தை தேடி நிற்பது குறையும். ஆள் இல்லையென்றால் கைப்பேசியில் பதிவு செய்யலாம்.

4. தமிழ் நிழலை நீக்குதல்: பதிவைக் கேட்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிழையைத் திருத்துங்கள். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' அல்ல, 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' அல்ல, 'ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே'. 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' போதும்.

நேர்முகத் தேர்வில் கேள்வி சரியாகக் காதில் விழாவிட்டால் மௌனமாக இருக்காதீர்கள். 'குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?' என்று கேட்பது குறையல்ல. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் 'லெட் மீ திங்க் ஃபார் எ மொமன்ட்' என்று சொல்லலாம். இந்த இரண்டும் தயங்காமல் வாயில் வரும்வரை சொல்லிப் பழகுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் தனியாக நின்று உரக்க ஆங்கிலம் பேசினால் யாரும் சிரிக்க வேண்டாம். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் அந்த ஒரு சிரிப்பில் வாயை மூடிக்கொள்கிறார்கள், பிறகு திறப்பது கடினம். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்க ஆள் இருக்கும் வீட்டில் பேச்சு வளரும். மூன்று மாதம் விடாமல் செய்து, முதல் நாள் பதிவையும் கடைசி நாள் பதிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும்.