சிறந்த எஞ்சின் எது?

"எந்த நீராவி எஞ்சின் சிறந்தது?" என்று ஒருவர் கேட்டால் விடை எளிதென்றே நமக்குத் தோன்றும். வேகமாக ஓடுவது சிறந்தது என்பார் ஒருவர். அதிகப் பளுவை இழுப்பது சிறந்தது என்பார் மற்றொருவர். குறைந்த கரியில் நிறைந்த வேலை செய்வதே சிறந்தது என்று மூன்றாமவர் வாதாடுவார். இம்மூன்று விடைகளும் போதா என்பதும், கேள்வியிலேயே ஒரு குறை உண்டு என்பதும் எனக்கு விளங்க ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டுப் பாடத்தை நம் சங்க ஏட்டின் வாயிலாகத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மேற்படிப்புக்காகத் திருநெல்வேலியிலிருந்து மும்பை வந்த நான், கிங்ஸ் சர்க்கிளில் என் பெரியப்பா வீட்டில் தங்கியிருக்கிறேன். நீராவி எஞ்சினைத் தேடுவோருக்கு இது ஏற்ற இடமன்று. நம் நாட்டின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது எங்கள் ஹார்பர் லைனில்தான். ஆயினும் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடும்! பழைய கதவு ஒன்றை மேசைமேல் கிடத்தி, அதன்மீது தண்டவாளம் பதித்து, ஆளுக்கொரு பங்கு போட்டு வாங்கிய ஆங்கில நாட்டு மாதிரி எஞ்சின்களை நாங்கள் நால்வரும் ஓட்டுவோம். ஓட்டும் நேரத்தைவிடச் சண்டையிடும் நேரமே அதிகம்.

நால்வரின் நான்கு எஞ்சின்கள்

முதல் நண்பனுக்கு 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' மேல் தீராக் காதல். நைஜல் கிரெஸ்லி வடிவமைக்க, 1923இல் டான்காஸ்டர் தொழிற்சாலையில் உருவானது அது. மணிக்கு 100 மைல் வேகத்தை 1934இல் தொட்டுப் புகழ் பெற்றது. இரண்டாம் நண்பன் அதே கிரெஸ்லியின் 'மல்லார்ட்' எஞ்சினை விட்டுக்கொடுக்க மாட்டான். காற்றைக் கிழிக்கும் சாய்ந்த முகமுடைய அது, 1938 ஜூலை 3 அன்று ஓர் இறக்கத்தில் மணிக்கு 126 மைல், அதாவது 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. நீராவி எஞ்சின்களில் அவ்வேகத்தை வேறு எதுவும் முறியடித்ததில்லை. மூன்றாமவன் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பற்றாளன். 1927இல் காலெட் என்ற பொறியாளர் படைத்த 'கிங்' வகையின் பச்சை வண்ணமும், புகைபோக்கியின் செம்பு விளிம்பும் அவனுக்கு உயிர்.

நான் ஏழைப் பங்காளன்! வில்லியம் ஸ்டானியரின் 'பிளாக் ஃபைவ்' என் எஞ்சின். கறுப்பு நிறம்; அலங்காரம் இல்லை. பயணி வண்டியும் இழுக்கும், சரக்கு வண்டியும் இழுக்கும். 1934 முதல் 842 எஞ்சின்கள் செய்தார்கள். ஆங்கில நாட்டில் 1968இல் நீராவி ஓய்ந்தபோது, கடைசி வரை உழைத்தவற்றுள் இதுவும் ஒன்று.

மேசை சொல்லும் பொய்

சண்டையைத் தீர்க்க மேசைமேல் பந்தயம் விட்டோம். மல்லார்டு வளைவுகளிலும் தடம் புரளாமல் ஓடியது. "பார்த்தாயா!" என்று நண்பன் துள்ளினான். இது சான்றாகுமா என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எங்கள் மாதிரிகள் உண்மை எஞ்சினில் சுமார் 76இல் ஒரு பங்கு நீளம் உடையவை. நீளம் 76இல் ஒரு பங்கு எனின், பரப்பு சுமார் 5,800இல் ஒரு பங்கு. கன அளவு சுமார் 4,42,000இல் ஒரு பங்கு. 97 டன் எடையுள்ள ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனை இக்கணக்கின்படி குறுக்கினால் சுமார் 220 கிராம்தான் தேறும். ஒரு குவளைத் தண்ணீரின் எடை! மல்லார்டின் 203 கிலோமீட்டர் வேகமும் மேசைமேல் விநாடிக்கு 74 சென்டிமீட்டர் ஆகிவிடும். நாம் மெல்ல நடக்கும் வேகத்தைவிட அது குறைவு.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. வளைவில் ஓடும் எஞ்சினை வெளியே தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வளைவின் ஆரத்துக்கு எதிர் விகிதத்தில் அமைவது. வேகத்தையும் ஆரத்தையும் 76ஆல் வகுத்தால், எடையோடு ஒப்பிட்ட அத்தள்ளுவிசையும் 76இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் புவியீர்ப்பை நாம் குறுக்க முடியுமா? அது மேசைமேலும் முழு அளவில்தான் எஞ்சினைத் தண்டவாளத்தோடு அழுத்துகிறது. ஆகவே உண்மைப் பாதையில் எஞ்சினைப் புரட்டக்கூடிய ஆபத்து, மாதிரிப் பாதையில் கண்ணுக்கே தெரியாது. மாதிரி எஞ்சின் உருவத்தைக் காட்டும், நடத்தையைக் காட்டாது.

1948ஆம் ஆண்டுப் பரீட்சை

இதே சண்டையை உண்மை எஞ்சின்களைக் கொண்டே நடத்திப் பார்த்த வரலாறும் உண்டு. ஆங்கில நாட்டில் ரயில்வேக்கள் 1948இல் நாட்டுடைமை ஆயின. அவ்வாண்டே ஒரு பகுதியின் எஞ்சின்களை மற்றொரு பகுதியின் பாதைகளில் ஓட்டி, இழுவிசையையும் கரிச் செலவையும் அளந்தார்கள்.

கிங் எஞ்சின், லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து லீட்ஸ் செல்லும் பாதையில் ஓட்டப்பட்டது. அதன் உலை வேல்ஸ் நாட்டு மென்கரிக்கென்றே அமைந்தது. யார்க்ஷயரின் கடினக் கரியை இட்டதும் அதன் பெருமை சற்று மங்கியது. பிறகு வேல்ஸ் கரியைக் கொண்டே தனியாக மறுசோதனை நடத்த வேண்டியதாயிற்று. அதன் வெளிச் சிலிண்டர்கள் அகலமானவை. ஆதலால் வேறு சில பாதைகளில் நடைமேடை விளிம்பில் இடிக்கும் என்று அதனை அனுமதிக்கவே இல்லை. மல்லார்டின் வகையோ கரிச் செலவில் மிகச் சிக்கனமாக நின்றது. ஆனால் சோதனையின்போதே சில எஞ்சின்கள் பழுதாகி நின்றுவிட்டன. சட்டங்களுக்கு நடுவே மறைந்திருக்கும் மூன்றாவது சிலிண்டரின் தாங்கி சூடேறுவது அவ்வகையின் பழைய நோய். 126 மைல் வேகத்தைத் தொட்ட அன்றும் மல்லார்டு இதே நோயால் பீட்டர்பரோவில் வண்டியிலிருந்து கழற்றப்பட்டது.

பெரியப்பாவின் கேள்வி

ஒரு ஞாயிறன்று இவற்றையெல்லாம் நான் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா சாய்வு நாற்காலியில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இளமையில் லோகோ ஷெட்டில் கலாசியாகச் சேர்ந்து, பிறகு டபிள்யூ.பி. எஞ்சினில் ஃபயர்மேனாகக் கரி தள்ளியவர்.

"ஏல, வெள்ளைக்காரன் எஞ்சின் நாலையும் பேசியாச்சு. நம்ம ஊருல ஓடுனது ஒண்ணுகூட ஒங்க கணக்குல வரலையே?" என்றார்.

நாங்கள் வாயடைத்தோம். எங்களில் ஒருவன் சமாளிக்க எண்ணி, "நம்ம ஊர்ல ஓடுனதும் வெள்ளைக்காரன் டிசைன்தானே, மாமா?" என்றான்.

"அதாம்ல வென. அங்க வரஞ்சதை இங்க ஓட்டுனப்ப என்ன ஆச்சுன்னு போய்ப் படி. எக்ஸ்.பி.ன்னு ஒண்ணு இருந்துது. பழைய டிரைவருங்க அந்தப் பேரைச் சொன்னாலே மொகம் மாறும்" என்றார் பெரியப்பா.

மறுநாளே நூலகத்துக்குச் சென்றேன்.

பிஹ்டாவில் நடந்தது

1920களின் நடுவில் இந்திய ரயில்வேக்களுக்கென்று புதிய எஞ்சின் வகைகள் வகுக்கப்பட்டன. நம் நாட்டுக் கரியில் சாம்பல் மிகுதி. வேண்டிய வெப்பம் பெற அகன்ற உலை தேவை. அகன்ற உலையைப் பெரிய சக்கரங்களுக்கு நடுவே அடக்க முடியாது. எனவே பின்னால் சிறு சக்கர இணை ஒன்றைச் சேர்த்து, அதன்மேல் உலையை அமர்த்தினார்கள். முன்னே நான்கு, நடுவே ஆறு, பின்னே இரண்டு என்ற இச்சக்கர அமைப்புக்குப் 'பசிபிக்' என்று பெயர். எக்ஸ்.ஏ., எக்ஸ்.பி., எக்ஸ்.சி. என்ற மூன்று பயணி வண்டி எஞ்சின்கள் இவ்வாறு பிறந்தன. ஆங்கில நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வந்து சேர்ந்தன. கரியைப் பற்றி நன்றாகவே சிந்தித்திருந்தார்கள். ஆனால் பாதையைப் பற்றி?

1937 ஜூலை 17 அன்று, ஹவுரா நோக்கி வந்த விரைவு வண்டி, பாட்னாவுக்கு அருகே பிஹ்டாவில் தடம் புரண்டது. இழுத்து வந்தது எக்ஸ்.பி. எஞ்சின். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வகை எஞ்சின்கள் வேகத்தில் பக்கவாட்டில் ஆடுவதும், அந்த ஆட்டத்தால் தண்டவாளத்தையே வளைத்துவிடுவதும் பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. அதை ஆராய ஆங்கில நாட்டின் தலைமை ரயில்வே ஆய்வாளர் மவுண்ட் தலைமையில் 'பசிபிக் லோகோமோட்டிவ் கமிட்டி' அமைந்தது. 1938-39இல் இந்தியா வந்த அக்குழுவின் உறுப்பினர் ஒருவரின் பெயரைக் கண்டதும் நான் திடுக்கிட்டேன். என் பிளாக் ஃபைவைப் படைத்த அதே ஸ்டானியர்தான்!

ஆட்டம் ஏன் வருகிறது?

இதைச் சிறிது விளக்குவது நலம். ரயில் சக்கரத்தின் விளிம்பு, நேரான உருளையன்று. 20க்கு 1 என்ற அளவில் சரிந்திருக்கும். சக்கர இணை இடப்பக்கம் நகர்ந்தால், இடச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் வலச் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். எனவே இணை தானாகவே நடுவுக்குத் திரும்பும். ஆனால் நடுவில் நிற்காது. மறுபக்கம் சென்று மீண்டும் திரும்பும். பாம்பு ஊர்வதைப் போன்ற இந்த ஓட்டத்தின் அலைநீளத்தைக் கிளிங்கல் என்ற ஜெர்மானியர் 1883இல் கணக்கிட்டார். சக்கர ஆரத்தை, தண்டவாளத் தொடுபுள்ளிகளின் இடைவெளியில் பாதியால் பெருக்குங்கள். அதைச் சரிவால் வகுத்து வர்க்கமூலம் காணுங்கள். வந்த விடையை 6.28ஆல் பெருக்கினால் அலைநீளம் கிடைக்கும்.

நம் அகலப் பாதைக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கர ஆரம் 0.94 மீட்டர், பாதி இடைவெளி 0.87 மீட்டர், சரிவு 20இல் 1 எனின் அலைநீளம் சுமார் 25 மீட்டர். மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஒருமுறை ஆட்டம்! சக்கரம் தேய்ந்து, சரிவு 10இல் 1 ஆகிவிட்டால் அலைநீளம் 18 மீட்டராகச் சுருங்கும். விநாடிக்கு ஒன்றரை முறை ஆடும். இது தனித்த ஒரு சக்கர இணைக்குரிய கணக்கு. முழு எஞ்சினில் சட்டங்களும் விற்சுருள்களும் இதைக் கட்டுப்படுத்த வேண்டும். அக்கட்டுப்பாடு தளர்ந்து, ஆட்டத்தின் தாளமும் எஞ்சினின் இயல்பான அசைவின் தாளமும் ஒன்றினால், ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளுவது போல ஆட்டம் வளரும். பாதை உறுதியானதெனின் தாங்கும். மழைக்காலத்தில் இளகிய பாதை எவ்வாறு தாங்கும்?

முன்சக்கரத் தொகுதியின் பக்கக் கட்டுப்பாட்டை வலுவாக்குவது போன்ற திருத்தங்களுக்குப் பின் இவ்வகை எஞ்சின்கள் பல்லாண்டுகள் உழைத்தன. எனினும் அறிவு வந்தது பிஹ்டாவுக்குப் பிறகுதான் என்பதை மறக்கலாகாது.

பெரியப்பாவின் எஞ்சின்

1947இல் வந்த டபிள்யூ.பி. இந்தப் பாடங்களுக்குப் பின் பிறந்தது. முதல் 16 எஞ்சின்கள் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையில் உருவாயின. பிறகு பல நாடுகளிலும், இறுதியில் நம் சித்தரஞ்சனிலும் செய்யப்பட்டன. 1967 வரை செய்யப்பட்டவை மொத்தம் 755. நம் சாம்பல் கரிக்கேற்ற அகன்ற உலை. வெளியே இரண்டே சிலிண்டர்கள். உள்ளே மறைந்திருக்கும் மூன்றாவது சிலிண்டர் இல்லை.

"நடுவுல சிலிண்டர் இருந்தா, பள்ளத்துல எறங்கி மல்லாந்து படுத்துலா ரிப்பேர் பாக்கணும்? இது நின்னபடியே சாவி போடலாம். அந்த வெயில்ல அது எவ்வளவு பெரிய உபகாரம் தெரியுமா?" என்றார் பெரியப்பா. மல்லார்டைப் போல் 203 கிலோமீட்டர் ஓடவில்லை என்று அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. நம் அகலப் பாதையில் அன்றாட நீராவிப் போக்குவரத்து 1995இல் முடியும்வரை டபிள்யூ.பி.யின் பெயர் மங்கவில்லை.

இப்போது எங்கள் மேசைக்கு வருகிறேன். கடையில் விற்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். அதே 76இல் ஒரு பங்குக் கணக்கில் 22 மில்லிமீட்டர் வேண்டும். கடைப் பாதையில் நிறுத்தினால் டபிள்யூ.பி., நெரிசல் நேரத்து ரயிலில் நிற்கும் நம்மைப் போல் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கும்! ஆகவே 22 மில்லிமீட்டரில் நாங்களே தண்டவாளம் பதிக்கத் தொடங்கியிருக்கிறோம். எட்டடி முடிந்திருக்கிறது. குறுக்குக் கட்டைகளைப் பெரியப்பாதான் அறுத்துத் தருகிறார். எஞ்சின் இன்னும் வரவில்லை. இம்முறை பாதையை முதலில் போடுகிறோம்.

தோழர்களே! நாளை நம்மில் பலர் பொறியோ, மருந்தோ, விதையோ வகுக்கப் போகிறவர்கள். எங்கோ நன்றாக ஓடியது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை இங்கே கொண்டுவரச் சொல்வார்கள். "எது சிறந்தது?" என்று அப்போது கேளாதீர்கள். எந்தப் பாதைக்கு, எந்தக் கரிக்கு, யார் பழுது பார்ப்பதற்கு என்று கேளுங்கள். எங்கள் கூடத்தில் இப்போது அந்தக் கேள்வியோடுதான் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை தொடங்குகிறது.